அலங்கம் கட்டியவன் கேட்ட கூக்குரல்

வேதபாடம்: நெகேமியா 5-ஆம் அதிகாரம்



விசுவாசமும் பொதுவாழ்வும் என்ற பொருளில் கோடையில் நடந்த, ஒரு வாரம் தங்கிப் படிக்கும் முகாமுக்குச் சென்று திரும்பினோம். "நாங்கள் மருந்துக்கு அல்லவா காணிக்கை அனுப்புகிறோம்? ஆஸ்பத்திரி ஊழியருக்குப் பொதுவாழ்வு எதற்கு?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அங்கே படித்த பாடம் ஒன்றையே அதற்கு விடையாகத் தருகிறோம். வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

1. அவன் கேட்டான் (வச. 1-5)

நெகேமியா வந்தது எருசலேமின் அலங்கத்தைக் கட்ட. வேலை நடக்கும்போதே ஏழைகளின் கூக்குரல் எழும்புகிறது. நிலங்கள் அடைமானத்தில், பிள்ளைகள் அடிமைத்தனத்தில். "இது என் வேலையல்ல" என்று அவன் காதை மூடிக்கொள்ளவில்லை.

ஆம்பூரில் தோல் தொழில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதன் கழிவுநீரே பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்புக் கூறியது. தோல் தொழிற்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுவதுமோ ஓரளவோ பயிரிடத் தகுதியற்றுப் போனது என்ற ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. நோயாளிக்கு மருந்து கொடுத்து அனுப்புகிறோம். அவர் வீடு போய்க் குடிக்கும் தண்ணீர் நம் கவலையல்லவா?

2. அவன் ஆலோசித்தான் (வச. 6-7)

நெகேமியாவுக்குக் கடுங்கோபம் வந்தது. ஆனாலும் முதலில் தன் மனதில் ஆலோசித்தான், பிறகே பேசினான். இப்படி ஆலோசிக்கவே தங்கிப் படிக்கும் முகாம் உதவுகிறது. நம் நாட்டில் இது புதிதல்ல. 1957-இல் பெங்களூரில் தொடங்கிய மதம் மற்றும் சமுதாய ஆய்வுக்கான கிறிஸ்தவ நிறுவனம் இந்தப் பணியில் முன்னோடி. அதை பி. டி. தேவானந்தனுக்குப்பின் நடத்திய எம். எம். தாமஸ் குருப்பட்டம் பெறாதவர். 1975-77 நெருக்கடி நிலையை எதிர்த்து எழுதியவர். 1990 முதல் 1992 வரை நாகாலாந்து ஆளுநராக இருந்தவர்.

3. அவன் சொந்த ஜனத்தோடு வழக்காடினான் (வச. 7-13)

அவன் கடிந்துகொண்டது அந்நியரை அல்ல, தன் சகோதரரை. இங்கேதான் பாடம் கடினமாகிறது. ஆலையை மூடு என்றால் வேலை இழப்பவர் நம் ஆலயத்தில் அமர்ந்திருக்கிறார். இப்படியே இருக்கட்டும் என்றால் கிணற்றை இழந்தவரும் அதே பெஞ்சில் இருக்கிறார். நெகேமியா சொன்ன வழி, எடுத்ததைத் திரும்பக் கொடுப்பது. நீதிமன்றமும் தொழிலை ஒழிக்கச் சொல்லவில்லை. கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்றது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் இந்த இழப்பீட்டைக் குறித்து மறுபடியும் உத்தரவிட நேர்ந்தது.

சுத்திகரிப்பிலும் கவனம் தவறினால் உயிர் போகும். 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் மாண்டார்கள்.

4. அவன் தன்னிடமிருந்தே தொடங்கினான் (வச. 14-19)

பன்னிரண்டு வருஷம் அதிபதியின் படியை அவன் வாங்கவில்லை. ஆகவே ஆலைகளைப் பற்றிப் பேசுமுன், ஆஸ்பத்திரியின் கழிவுநீர் எங்கே போகிறது, துப்புரவுப் பணியாளருக்கு நியாயமான கூலி கிடைக்கிறதா என்று நாமும் கேட்டாக வேண்டும். தன் வீட்டுச் சாக்கடையைப் பாராதவன் ஊர்ச் சாக்கடையைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்?

பிரியமானவர்களே, உங்கள் காணிக்கை காயத்தைக் கட்டுகிறது. காயம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதும் அதே ஊழியத்தின் பங்கு.

சிந்திக்க:
உங்கள் ஊரில் இன்று எழும்பும் கூக்குரல் எது? அதை உங்கள் சபை கேட்டிருக்கிறதா?

ஜெபிக்க:
பாலாற்றங்கரை விவசாயிகளுக்காகவும், தோல் தொழிலாளர்களுக்காகவும், மனந்திறந்து பேசும் முதலாளிகளுக்காகவும், நீதி செலுத்துகிற அதிகாரிகளுக்காகவும்.