குண்டலகேசி குற்றவாளியா?

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடத்தில் ஒருவகைக் கேள்வி உண்டு. கதையில் ஒருவர் கொலை செய்கிறார். அவர் குற்றவாளியா? கதையின் தொடக்கத்தில் இருந்த மனிதரும் முடிவில் இருக்கும் மனிதரும் ஒருவர்தாமா, மாறிவிட்டாரா? கதையிலிருந்தே சான்று காட்டி எழுதுக என்பார்கள். செம்பூரில் ஞாயிறுதோறும் நான் நடத்திவரும் தமிழ் வகுப்புக்கு இப்படி ஒரு கேள்வி வந்து சேர்ந்தது. மாணவி படித்திருந்தது ரோல்டு டால் 1953இல் வெளியிட்ட கதை. கர்ப்பிணியான மேரி மலோனி, தன்னைவிட்டுப் போகப்போவதாகச் சொன்ன கணவனை உறைந்துபோன ஆட்டுக்காலால் அடித்துக் கொல்கிறாள். பிறகு அதையே சமைத்து, விசாரிக்க வந்த போலீசாருக்குப் பரிமாறுகிறாள். "தமிழில் இந்த மாதிரி ஏதாவது இருக்கிறதா சார்?" என்று கேட்டாள் அந்தப் பெண். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இருக்கிறது அம்மா, அதுவும் ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்றாக இருக்கிறது என்றேன். நான்கு ஞாயிறுகள் அதிலேயே கழிந்தன. அங்கே பேசியதில் எனக்கு முக்கியமாகப் பட்டதை இங்கே எழுதுகிறேன்.

நாதகுத்தனார் இயற்றிய குண்டலகேசி முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. எஞ்சியவை 19 பாடல்கள்தாம். கதையை நாம் அறிவது, அதற்கு எதிர்நூலாகச் சமணர் செய்த நீலகேசிக்குச் சமய திவாகர வாமன முனிவர் எழுதிய உரையால். எதிர்க்கட்சிக்காரர் குறித்து வைத்ததால் பிழைத்த கதை இது! பாலி மொழியில் தம்மபதத்துக்கும் தேரிகாதைக்கும் எழுதப்பட்ட உரைகளிலும் இக்கதை விரிவாக வருகிறது. நம்மவர் பலருக்கு இதெல்லாம் வேண்டாம். 1950இல் வந்த 'மந்திரி குமாரி' போதும். மு. கருணாநிதி வசனம் எழுதி, மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அந்த மலையுச்சிப் பாட்டு தெரியாத தமிழ்க் குடும்பம் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ இருக்குமா என்பது சந்தேகமே. அந்த மலையுச்சிக் காட்சிக்கு மூலம் குண்டலகேசிதான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செல்வ வணிகன் மகள் பத்திரை. கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் கள்வன் ஒருவனை மாடத்திலிருந்து பார்க்கிறாள், மனத்தைப் பறிகொடுக்கிறாள். அவனைத் தராவிட்டால் உயிர் தரியேன் என்கிறாள். தந்தை பொருள் கொடுத்து அவனை மீட்டு மணம் செய்து வைக்கிறார். இதன்பின் தமிழ்வழியும் பாலிவழியும் பிரிகின்றன. தமிழில், ஒருநாள் ஊடலில் அவள் அவனைக் கள்வன் என்று சொல்லிவிடுகிறாள். அந்தச் சொல் அவன் நெஞ்சில் தைக்கிறது. பாலியில் அவனுக்கு அவளுடைய நகைமேல் கண். மலைத் தெய்வத்துக்கு வேண்டுதல் என்று பொய் சொல்லி அவளைச் சர்வாபரணத்தோடு கிளப்புகிறான். இரண்டிலும் முடிவு ஒன்றே. உச்சிக்குப் போனதும் உன்னைக் கொல்லப்போகிறேன் என்கிறான். சாகுமுன் கணவனை வலம்வந்து வணங்க வேண்டும் என்கிறாள் அவள். சுற்றி வருகிறாள். பின்னால் வந்ததும் தள்ளிவிடுகிறாள்.

இது கொலையா?

வகுப்பில் பிள்ளைகளைவிட, அவர்களை அழைத்து வரும் பெரியவர்கள்தாம் சூடாகப் பேசினார்கள். "அவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இவ்வளவும் வந்திருக்குமா?" என்றார் ஒரு மாமி. இரண்டு மூன்று பேர் தலையசைத்தார்கள். இதை நான் அங்கேயே மறுத்தேன், இங்கும் மறுக்கிறேன். அவள் சொன்னது பொய்ப்பழி அன்று, அவன் கள்வன்தான். பொய்யாகவே இருந்தாலும், ஒரு சொல்லுக்கு விலை ஓர் உயிர் ஆகாது. நம் கட்டடங்களில் பக்கத்து வீட்டிலிருந்து அடிக்கும் சத்தம் கேட்டால், "அவள் என்ன சொன்னாளோ" என்றுதானே முதலில் பேசுகிறோம்? அந்த மாமியின் கேள்வி காப்பியத்தைப் பற்றியது மட்டும் அன்று.

ஒரு மாணவன் வேறு வழியில் மடக்கினான். "வலம் வருகிறேன் என்று ஏமாற்றித்தானே தள்ளினாள்? அப்படியானால் அது திட்டமிட்ட கொலை இல்லையா சார்?" நல்ல கேள்வி. இதற்குச் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 100ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 38ஆம் பிரிவாகியிருப்பது தற்காப்பு உரிமை. தன்னைக் கொன்றுவிடுவான் அல்லது கொடுங்காயம் செய்துவிடுவான் என்ற நியாயமான அச்சம் இருந்தால், தாக்குபவனின் உயிர் போகும் அளவுக்கும் எதிர்க்கலாம். ஆனால் வரம்புகள் உண்டு. காவலரிடமோ அதிகாரிகளிடமோ போக நேரமிருந்தால் இந்த உரிமை இல்லை. தற்காப்புக்கு வேண்டிய அளவைவிட அதிகத் தீங்கும் செய்யக்கூடாது. அச்சம் நீடிக்கும்வரைதான் உரிமையும் நீடிக்கும்.

இந்த அளவுகோலை மலையுச்சிக்குக் கொண்டுபோங்கள். கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லை, ஓட வழியில்லை, அவன் வலுத்தவன். பாலி உரையில் அவள் கெஞ்சுகிறாள். நகை எல்லாம் உனக்கே, என்னை விட்டுவிடு என்கிறாள். அவன் இணங்கவில்லை. அப்புறம் அவளுக்கு மிச்சமிருந்தது புத்தி ஒன்றுதான். வலுவில்லாதவள் நேருக்கு நேர் நின்று மோதியிருந்தால்தான் நியாயம் என்று சொல்வோமா? தந்திரம் செய்தாள் என்பதால் மட்டும் தற்காப்பு கொலையாகிவிடாது. ஆகவே மலையுச்சியில் அவளை நான் விடுவிக்கிறேன்.

நேரம் என்ற இந்த ஒன்று எத்தனை முக்கியம் என்பதற்கு மும்பைக்காரர்களாகிய நமக்கு வெளியே உதாரணம் தேட வேண்டாம். 1959இல் இந்நகரில் நடந்த நானாவதி வழக்கு இருக்கிறதே! மனைவியின் தொடர்பை அவள் வாயாலேயே கேட்ட கடற்படை அதிகாரி, கப்பலுக்குப் போய்க் கைத்துப்பாக்கியை வாங்கிக்கொண்டு அந்த ஆளின் வீட்டுக்குப் போனார். ஜூரிகள் ஒன்பது பேரில் எட்டுப் பேர் குற்றவாளி அல்ல என்றார்கள். செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 1961இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. செய்தி கேட்டதற்கும் சுட்டதற்கும் நடுவே ஏறக்குறைய மூன்று மணி நேரம் இருந்தது, ஆத்திரம் தணிய அது போதும் என்பது தீர்ப்பின் சாரம். குண்டலகேசிக்குக் கிடைத்தது மூன்று சுற்று சுற்றிவரும் நேரம். மேரி மலோனிக்கோ உயிருக்கு ஆபத்தே இல்லை. கணவன் விட்டுப் போகிறேன் என்றான், அவ்வளவுதான். அவள்மேல் நமக்கு எவ்வளவு இரக்கம் வந்தாலும் தற்காப்பு என்று சொல்ல முடியாது. அந்த மாணவிக்கு இந்த வேறுபாட்டைத்தான் முதலில் எழுதச் சொன்னேன்.

அடுத்தது, அவள் மாறினாளா? பெரும்பாலும் பிள்ளைகள் எழுதும் விடை, "காதலித்த பேதைப் பெண் மலையுச்சியில் வீராங்கனையாக மாறினாள்" என்பது. மதிப்பெண் கிடைக்கலாம். எனக்கு ஒப்புதல் இல்லை. மலையுச்சியில் மாறியது அவனைப் பற்றிய அவளுடைய அறிவு. காதல் போயிற்று, கண் திறந்தது, சரி. ஆனால் குணம்? மாடத்தில், அவன் வேண்டும் என்றாள், பெற்றாள். மலையில், உயிர் வேண்டும் என்றாள், காத்துக்கொண்டாள். நினைத்ததை முடிக்கும் அதே பெண்தான். ஒருவருடைய சூழ்நிலை மாறுவது வேறு, அபிப்பிராயம் மாறுவது வேறு, குணம் மாறுவது வேறு. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பித்தான் பாதி விடைகள் கெடுகின்றன.

மலையிலிருந்து இறங்கியவள் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. காரணத்தைத் தம்மபத உரை சொல்கிறது. பணத்தைக் கொட்டி மீட்டுத் தந்தவனையா கொன்றாய் என்று வைவார்கள். நகைக்காக அவன்தான் என்னைக் கொல்லப் பார்த்தான் என்றால் நம்பமாட்டார்கள். இப்படி எண்ணித் துறவு பூணுகிறாள். கதையிலேயே எனக்கு வலிக்கிற இடம் இது. ஊர்ச் சட்டம் விடுவித்திருக்கும், வீடு விடுவிக்காது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தேரிகாதை உரையின்படி அவள் சமணத் துறவியரிடம் போய், உயர்ந்த துறவு எதுவோ அதைத் தாருங்கள் என்று கேட்கிறாள். தலைமயிரைப் பறித்தார்கள். மறுபடி வளர்ந்த கூந்தல் சுருள் சுருளாக வளர்ந்ததால் குண்டலகேசி என்ற பெயர்.

பிறகு வாதம் கற்றாள். ஊர் ஊராகப் போனாள். ஊர் வாசலில் மணலைக் குவித்து நாவல் கிளையை நடுவாள். வாதுக்கு வருபவர் அதை மிதிக்கலாம். எங்கும் வெற்றி. கவனியுங்கள், இங்கும் அவள் மாறவில்லை. எதிரே நிற்பவரைத் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான். மலைக்குப் பதில் வாத மேடை. சாவத்தியில் புத்தரின் மாணாக்கர் சாரிபுத்தர் வருகிறார். அவள் கேட்டதற்கெல்லாம் விடை சொல்லிவிட்டு, அவர் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். ஒன்று என்பது எது? அவளுக்கு விடை தெரியவில்லை. தெரியாது ஐயா என்கிறாள். வாழ்நாளில் முதன்முறையாக, வேண்டியதை எடுத்துக்கொள்ள முடியாமல் கேட்டுப் பெற நிற்கிறாள். பாத்திரம் மாறும் இடம் இதுதான் என்பது என் துணிபு. இந்த இடத்தில் கொலையும் இல்லை, கண்ணீரும் இல்லை. அதனால்தான் திரைப்படம் மலையை எடுத்துக்கொண்டது, நாவல் கிளையை விட்டுவிட்டது. கோபித்துக்கொள்ள வேண்டாம், சினிமாவின் தேவை வேறு.

எஞ்சிய 19 பாடல்களில் பள்ளியில் நாம் படித்த ஒன்று உண்டு. குழந்தைப் பருவம் செத்து, இளமை செத்து, நாள்தோறும் செத்துக்கொண்டே வருகிற நாம் நமக்காக ஏன் அழுவதில்லை என்று கேட்கும் பாட்டு. மாறுவது என்றால் சிறிது சாவது என்று எடுத்துக்கொண்ட நூல், தன் தலைவியின் மாற்றத்தை ஒரு தள்ளலில் முடித்துவிட்டிருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. நூலோ கையில் இல்லை.

குற்றக் கணக்கு இன்னும் முடியவில்லை. இந்தக் கதையில் நாம் எண்ணாமல் விடும் ஒரு சாவு இருக்கிறது. தம்மபத உரையில், தந்தை கொடுத்த ஆயிரத்தை வாங்கிக்கொண்ட அரச ஊழியன் கள்வனை விடுவிக்கிறான். ஆனால் அரசனுக்குத் தலை ஒன்று கணக்குக் காட்ட வேண்டுமே? வேறொருவனைக் கொல்லச் செய்துவிட்டு, கள்வனைக் கொன்றாயிற்று என்று சொல்லியனுப்புகிறான். உரை ஒரே வாக்கியத்தில் இதைக் கடந்து போய்விடுகிறது. நானும் பல ஆண்டுகள் பாடம் சொன்னபோது அந்த வாக்கியத்தில் நின்றதில்லை, வகுப்பில் ஓர் ஏழாம் வகுப்புப் பையன்தான், "அந்த இன்னொரு ஆள் என்ன தப்பு பண்ணினான் சார்?" என்று நிறுத்தினான்.

அந்தச் சாவுக்கு யார் பொறுப்பு? ஊழியன், சந்தேகமில்லை. பணம் கொடுத்த தந்தை, ஓரளவு. மாடத்தில் படுத்துச் சாப்பிட மறுத்த பெண்? அவளுக்குத் தெரியாது என்று வாதிடலாம். சட்டப்படி அவளைத் தொட முடியாது. ஆனால் பாத்திரத்தை எடைபோடும்போது சட்டம் மட்டும் போதாது. தன் ஆசைக்கு விலை யார் கொடுக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை; அவள் வீட்டாரும் கேட்கவில்லை. மலையுச்சியில் குற்றமற்றவளாக நிற்பவள் மாடத்தில் அப்படி நிற்கவில்லை என்பேன். வகுப்பில் எல்லாரும் இதை ஏற்கவில்லை. காதலித்தது குற்றமா என்று ஒரு கல்லூரி மாணவி என்னோடு இன்னும் சண்டையில் இருக்கிறாள்.

தேரிகாதையில் அவள் வாயால் வருவதாக ஐந்து பாடல்கள் உள்ளன. அவற்றில் கணவன் இல்லை, மலை இல்லை. முன்பு குற்றமில்லாததில் குற்றம் கண்டதாகவும், குற்றம் இருந்ததைக் காணாமல் போனதாகவும் சொல்லிக்கொள்கிறாள். பழைய சமய ஒழுக்கத்தைப் பற்றிச் சொன்னது அது என்பர் உரைகாரர். அங்கம், மகதம், வஜ்ஜி, காசி, கோசலம் என்று ஐம்பது ஆண்டுகள் நடந்து, பிச்சை உண்டு, யாருக்கும் கடன்படாமல் வாழ்ந்ததாகவும் சொல்கிறாள். அந்த இன்னொரு ஆளுக்கு எந்த நூலிலும் பெயர் இல்லை. அவன் கள்வனா இல்லையா என்றும் உரை சொல்லவில்லை.