கதவுக்குத் தாய் யார்?

அன்பு மருமகளுக்கு,

வேலைக்குச் சேர்ந்த ஒரு மாதத்திலேயே பிம் எனும் கட்டடத் தகவல் மாடலில் கை நன்றாகப் பழகிவிட்டது என்று அக்கா சொன்னாள். மிகவும் சந்தோஷம். “கதவை வைத்தால் சுவரில் தானாகவே ஓட்டை விழுகிறதே, எப்படி மாமா?” என்று போனில் கேட்டாய். அதற்கான பதில்தான் இந்தக் கடிதம்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், தவறான இடத்தில் இருந்த ஒரு சுவரை நகர்த்துவதற்குப் பதிலாக அழித்துவிட்டு, புதிதாக வரைந்தேன். அதிலிருந்த நான்கு கதவுகளும் கூடவே போய்விட்டன. மறுபடி வைத்தேன். ஆனால் பழைய கதவு எண், பூட்டு விவரம், தீத்தடுப்புக் குறிப்பு எதுவும் அவற்றில் இல்லை. கதவு அட்டவணையைச் சரிசெய்யவே ஒரு முழு நாள் ஆனது. தாயை அழித்தால் பிள்ளை நிற்காது என்பதை அன்றுதான் கற்றேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். மென்பொருளுக்கு மென்பொருள் மாடலைக் கொண்டுசெல்ல ஐஎஃப்சி என்ற பொது வடிவம் இருக்கிறது. பில்டிங்ஸ்மார்ட் அமைப்பு அதை வளர்த்துவருகிறது. ஐஎஸ்ஓ 16739 என்ற தரமாகவும் ஏற்கப்பட்டது. அதன்படி சுவருக்கும் கதவுக்கும் நடுவே ‘திறப்பு’ என்று ஒன்று தனியாக உண்டு. சுவரைக் குடைவது திறப்பு. திறப்பை நிரப்புவது கதவு. கதவே இல்லாத வெறும் வாசலையும் மாடலில் காட்ட முடிவது இதனால்தான்.

அளவும் இதே வரிசையில் இறங்கும். முதல் தளத்தின் மட்டம் 3,300 மி.மீ. என்று வைத்துக்கொள். சுவரின் இடம் அந்தத் தளத்திலிருந்து அளக்கப்படுகிறது. திறப்பு, சுவரின் முனையிலிருந்து 1,200 மி.மீ. தள்ளி. கதவு, திறப்பின் மூலையிலிருந்து பூஜ்யம். நாளை தளத்தின் மட்டம் 3,450 ஆனால், மாற்ற வேண்டியது அந்த ஓர் எண்ணைத்தான். சுவரும் திறப்பும் கதவும் தாமாகவே 150 மி.மீ. மேலே ஏறிவிடும்.

ஆனால் ஒரு பொருளுக்கு ஒரே ஓர் உறவுதான் என்று எண்ணிவிடாதே. மூன்று கேள்வி கேள்.

எங்கே இருக்கிறது? திட்டம், மனை, கட்டடம், தளம், அறை என்று மேலிருந்து கீழே ஒரு வரிசை. நம் கதவு சுவரைப் பற்றி நின்றாலும், அதன் முகவரி முதல் தளம்தான். இரண்டு தளம் உயர்ந்து நிற்கும் தூணுக்கும் முகவரி ஒரு தளத்தில் மட்டுமே.

எதன் பகுதி? படிகளும் லேண்டிங்கும் கைப்பிடியும் சேர்ந்ததுதான் படிக்கட்டு. முழுப் படிக்கட்டின் கான்கிரீட்டையும் எடுத்து, பகுதிகளின் கான்கிரீட்டையும் கூட்டினால் அளவு இரட்டிப்பாகும். சைட்டில் பணம் வீணாகும்.

எதைப் பற்றி நிற்கிறது? அழிக்கும் முன் கேட்க வேண்டியது இது.

திங்கட்கிழமை உன் மாடலில் ஏதாவது ஒரு கதவைத் தேர்ந்தெடுத்து இந்த மூன்றுக்கும் பதில் எழுதிப் பார். எங்காவது தடுக்கினால் இரவு எத்தனை மணியானாலும் எனக்குப் போன் செய்.

அன்புடன்,
உன் மாமா