ஆங்கிலம் அறிவோம்: ஒரு எழுத்தில் மாறும் பொருள்



ஏற்காடு மலைக் கிராமத்தில் நம்ம குழு அக்கா ஒருவருக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. முதலில் ஆட்டுக் கடன், அடுத்து நகைக் கடன் என்று எழுதி, 'லாட்டர் இஸ் டியூ' என்று இருந்தது. பத்தாவது படிக்கும் மகள் அதை 'லேட்டர்' என்று படித்தாள். அப்புறம் கட்டினால் போதும் என்று அக்கா இருந்துவிட்டார். அபராத வட்டி விழுந்தது. நகைக் கடன் பாக்கி என்பதுதான் அதன் பொருள்!

லேட்டர்: ஒரு 'டி'. பிறகு என்று நேரத்தைச் சொல்லும்.
லாட்டர்: இரண்டு 'டி'. சொன்ன இரண்டில் இரண்டாவது. இரண்டு 'டி' என்றால் இரண்டாவது என்று மனசில் வையுங்க.

ஃபார்தர்: தூரம். சேலத்திலிருந்து வந்தால் ஏரியைத் தாண்டித்தான் சேர்வராயன் கோயில். எனவே கோயில் ஃபார்தர்.
ஃபர்தர்: மேற்கொண்டு. விண்ணப்பத்தில் 'ஃபர்தர் டீட்டெய்ல்ஸ்' என்றால் மேற்கொண்டு விவரம். தூரத்துக்கும் ஃபர்தர் சொல்லலாம். ஆனால் 'மேற்கொண்டு' என்பதற்கு ஃபார்தர் வராது.

எல்டர்: குடும்பத்தில் மூத்தவர். 'மை எல்டர் சிஸ்டர்' என்றால் என் அக்கா.
ஓல்டர்: ஆளுக்கும் வரும், வீடு, மரத்துக்கும் வரும். 'அவளை விட மூத்தவள்' என்று ஒப்பிட்டால் ஓல்டர்தான்.

பயிற்சி: அடுத்த கூட்டத்துக்கு வீட்டில் உள்ள ஆங்கிலக் கடிதம் ஒன்றைக் கொண்டு வாங்க. இந்தச் சொற்கள் இருக்கிறதா என்று சேர்ந்து தேடுவோம்.

புரியாத தாளில் கையெழுத்து போடாதீங்க. கேட்பதில் வெட்கம் இல்லை. கேட்காமல் விட்டால்தான் நஷ்டம்.