ஓய்வூதியம் கட்டாயமானால் யார் பணம் யாருக்கு?

வன்னியில் கடையோ ஆலையோ நடத்தும் நம்மவர்கள், வேலையாட்களுக்காக ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் கட்டுகிறோம். முதலாளியின் பங்கு 12 வீதம், தொழிலாளியின் பங்கு 8 வீதம். ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் அதை மொத்தமாகப் பெறலாம். அதற்கு முன் மரணித்தால் பணம் உரித்தானவர்களுக்குச் சேரும்.

தனியார் துறைக்கும் மாதாந்த ஓய்வூதியம் வேண்டுமென 2011 இல் அரசாங்கம் ஒரு சட்டமூலத்தைக் கொண்டு வந்தது. கட்டுநாயக்க வர்த்தக வலய ஊழியர்கள் வீதிக்கு இறங்கினர். பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் ரொஷேன் சானக என்ற இளம் ஊழியர் உயிரிழந்தார். சட்டமூலம் கைவிடப்பட்டது. சில வருடங்களே வேலை செய்து வீடு திரும்பும் பெண்பிள்ளைகளுக்கு, முதுமையில் வரும் ஓய்வூதியத்தால் என்ன பயன் என்பதே அவர்கள் கேள்வி.

இதை ஒரு கணக்காகப் பார்ப்போம். இருவர் 60 வயதில் தலா 12 இலட்சம் ரூபாவை ஆயுள் ஓய்வூதியமாக மாற்றுகிறார்கள். வட்டியை விட்டுவிடுவோம். மாதம் 10,000 ரூபா. மூட்டை தூக்கி உடம்பு தேய்ந்தவர் 66 இல் மரணித்தால் அவர் பெற்றது 7 இலட்சத்து 20 ஆயிரம். மீதி 4 இலட்சத்து 80 ஆயிரம் பிள்ளைகளுக்கு இல்லை. 80 வரை வாழ்ந்து 24 இலட்சம் பெறும் மற்றவரின் பக்கம் போகிறது. யார் முந்துவார் எனத் தெரியாதவரை இது காப்புறுதி. ஏழைத் தொழிலாளிதான் பெரும்பாலும் முந்துகிறார் என்றால், இல்லாதவன் இருப்பவனுக்குக் கொடுக்கும் கொடை அல்லவா?

பெண்களின் விடயம் வேறு. நம் நாட்டில் பெண்கள் ஆண்களைவிடச் சில வருடங்கள் கூடுதலாக வாழ்கிறார்கள். அதைக் காரணம் காட்டி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பெண் ஊழியர்களிடம் கூடுதல் பணம் அறவிட்டார்கள். அமெரிக்க உயர் நீதிமன்றம் 1978 இல் அது பிழை எனத் தீர்ப்பளித்தது. போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் நிறைந்த வன்னியில், உயிருள்ளவரை வரும் மாதப்பணம் சிறிய விடயமல்ல.

ஆகவே ஓய்வூதியமே வேண்டாம் என்பது என் கருத்தல்ல. இன்னொரு திட்டம் வரும்போது மாதம் எவ்வளவு என்பதோடு நின்றுவிடாமல், முதல் 10 வருடங்களுக்குள் மரணித்தால் மீதி வாரிசுகளுக்கு வருமா, மனைவிக்குத் தொடருமா என்றும் கேளுங்கள். இவ்வுறுதிகளைச் சேர்த்தால் மாதத்தொகை கொஞ்சம் குறையும். மூட்டை தூக்குபவரின் வீட்டுக்கு அந்தக் குறைவு நட்டமாகாது.