விரைவுக்கு முன் நிலைப்பு



மூன்று மாநிலங்கள் கைகோக்கும் இக்குப்பத்தில் பயிலும் நம்மிடையே, ஊருக்குச் சென்றுவரவும் வேண்டும், கால் மைல் நேர்ப்பந்தயத்திலும் ஓடவேண்டும் என்று ஒரே காரிடம் இரு பணி கேட்போர் சிலர் உளர். நானும் அவருள் ஒருவன். அவ்வாசை எனக்குப் புகட்டிய பாடத்தை இங்கு எழுதுகின்றேன்.

என் மாமாவிடம் பழைய பிரீமியர் பத்மினி ஒன்று உண்டு. அது பந்தய வண்டிபோல் தாழ்ந்து நிற்கவேண்டும் என்று முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்குகளில் இரண்டு சுற்றை அறுக்கச் சொன்னேன். மேஸ்திரி தடுத்தார், நான் கேட்டேனில்லை. ஒருநாள் கிருஷ்ணகிரிச் சாலை வளைவில் ஒரு சிறு பள்ளம். சக்கரம் மேலேற இடமின்றி முட்டியது, ஸ்டியரிங் கைநழுவியது, கார் சாலையோரப் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. பின்னிருக்கையில் மாமாவின் ஐந்து வயது மகள்! எவர்க்கும் காயமில்லை. ஆயினும் அன்று அவள் அழுத அழுகை இன்னும் என் செவியில் ஒலிக்கின்றது.

பிழை எங்கே? எட்டுச் சுற்றில் இரண்டை அறுத்தால் ஸ்பிரிங் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விறைக்கும். அசைய இடமோ குறையும். பந்தயத்துக்கேனும் அது உதவுமா? அதுவும் இல்லை. கார் பாய்ந்து புறப்படும்போது எடை பின்னோக்கிச் சாயும். 900 கிலோ காரில் அச்சுகளுக்கு இடைவெளி 2.34 மீட்டர், எடைமையத்தின் உயரம் 0.5 மீட்டர், முடுக்கம் புவியீர்ப்பில் பத்தில் மூன்று பங்கு எனக் கொள்வோம். ஏறத்தாழ 58 கிலோ முன்சக்கரங்களை விட்டுப் பின்சக்கரங்களுக்குப் போகும். பின்சக்கரம் இழுக்கும் பத்மினிக்கும் அம்பாசிடருக்கும் இது வரம். டயர் தரையைக் கவ்வும். எடைமையத்தைத் தாழ்த்தினால் அவ்வரமும் குறையுமன்றோ? முன்சக்கரம் இழுக்கும் இக்காலக் கார்களுக்கோ அதே சாய்வு சாபம்; அவற்றின் மூக்கு மேலெழாமல் காக்கவேண்டும்.

ஆகவே, செலவு செய்யும் வரிசை இது. முதலில் நல்ல டயரும், தேய்ந்த புஷ்களுக்குப் புதியனவும். அடுத்து ஷாக் அப்சர்பர். இறுக்கமும் தளர்வும் திருகி மாற்றக்கூடியதே இருபணிக்கும் ஏற்றது. பின்சக்கர இழுவையில், பந்தயத்தன்று முன் ஷாக் எளிதில் நீளுமாறு தளர்த்தலாம். வீடு திரும்புமுன் மீண்டும் இறுக்கவேண்டும், இல்லையேல் வளைவில் மூக்கு மிதக்கும். மூன்றாவதாக, பின் அச்சு பட்டை ஸ்பிரிங்கில் அமர்ந்திருந்தால், புறப்பாட்டில் பட்டை முறுக்கிக்கொண்டு சக்கரம் துள்ளும். அச்சைப் பிடித்து நிறுத்தும் தண்டு பொருத்தினால் துள்ளல் அடங்கும். ஸ்பிரிங் மாற்றுவது கடைசி வேலை. அதுவும் அந்தக் காருக்கென்றே செய்ததாக இருக்கவேண்டும். எல்லாம் முடிந்தபின் சக்கரக் கோணம் சரிபார்ப்பதை மறவாதீர்.

எங்கே ஓட்டுவது? சாலையில் அன்று! மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு பொதுச்சாலைப் பந்தயத்தைக் குற்றம் என்கிறது. காரின் பதிவுச் சான்றுக்கு மாறான திருத்தங்களை 52ஆம் பிரிவு தடுக்கிறது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தின் பழைய விமானத் தளத்தில் பந்தயம் நடத்தியது. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடமே அமைத்தது. வேகம் தேடுவோர்க்கு அத்தகைய களமே இடம்.

மாமாவின் காருக்குப் புதிய ஸ்பிரிங் வாங்க என் உதவித்தொகை கரைந்தது. அதை வீண்செலவென்று எண்ணவில்லை. அடுத்த விடுமுறையில் அச்சிறுமி தயங்கித் தயங்கி மீண்டும் அக்காரில் ஏறினாள். தோழர்களே, நம்மை நம்பி ஏறியவரை நலமாக இறக்கிவிடுவதே ஓட்டுபவனின் முதல் வெற்றி. கடிகாரத்தோடு போட்டியிடுவதெல்லாம் அதற்குப் பின்னரே!