கால்பங்கு குரோமியம் கலந்தும் செம்பு கெடாதது ஏன்?

கேள்வி: துணைமின் நிலையப் பராமரிப்பில் வேலை பார்க்கிறேன். 11 கே.வி. வேக்குவம் பிரேக்கரின் காண்டாக்டில் செம்போடு 25 சதவீதம் குரோமியம் இருக்கிறது என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். துளி பாஸ்பரஸ் சேர்ந்தாலே செம்பின் கடத்துதிறன் விழுந்துவிடும் என்று ஐ.டி.ஐ.யில் படித்திருக்கிறேன். அப்படியிருக்க, கால்பங்கு குரோமியம் எப்படிச் செல்லுபடியாகிறது?
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: நீங்கள் படித்ததும் சரி, வகுப்பில் சொன்னதும் சரி. எவ்வளவு சேர்த்தோம் என்பதைவிட, சேர்த்தது செம்புக்குள் எங்கே போய் உட்கார்ந்தது என்பதுதான் கணக்கு.

பாஸ்பரஸ், தண்ணீரில் சர்க்கரைபோலச் செம்பில் கரைந்துவிடும். அணுவுக்கு அணு இடையில் நின்று எலக்ட்ரான்களை மறிக்கும். 0.04 சதவீதம் கரைந்தாலே கடத்துதிறனில் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும். குரோமியம் அப்படி இல்லை. 1076 டிகிரி செல்சியஸில்கூடச் செம்பில் அது 0.7 சதவீதம் அளவுக்குத்தான் கரையும். அறை வெப்பநிலையில் அநேகமாகக் கரையவே கரையாது. மிச்சமெல்லாம் தயிர்சாதத்து மாதுளை முத்துபோலத் தனித்தனியே நிற்கும். மின்சாரம் அவற்றைச் சுற்றிக்கொண்டு செம்பு வழியாகவே போய்விடும். அதனால்தான் 25 சதவீதம் கலந்த பிறகும் தூய செம்பில் ஏறக்குறைய பாதிக் கடத்துதிறன் தேறுகிறது.

நம்பிக்கை வரவில்லையா? ஸ்பாட் வெல்டிங் முனையைப் பாருங்கள். அதில் குரோமியம் 1 சதவீதம்தான். 1000 டிகிரி அளவில் சூடாக்கித் தண்ணீரில் முக்கியதும் குரோமியம் கரைந்த நிலையிலேயே சிறைப்படும். கடத்துதிறன் தூய செம்பில் பாதிகூட இராது. பிறகு 450, 500 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் குரோமியம் நுண்துகளாகப் பிரிந்து வெளியே வரும். கடத்துதிறன் 80 சதவீதத்தைத் தொடும், கடினமும் ஏறும். ஒரு துளி உலோகம்கூடக் கூடவில்லை, குறையவில்லை. எனக்கு இன்றும் வியப்பளிக்கும் சங்கதி இது.

பிரேக்கருக்கு வருவோம். தூய செம்பு மென்மையானது. பெரிய மின்னோட்டத்தில் இரண்டு காண்டாக்டும் பற்றவைத்தாற்போல ஒட்டிக்கொள்ளும். ஆரம்பகால வேக்குவம் பிரேக்கர்களில் இதற்குப் பிஸ்மத்தைத் துளியளவு சேர்த்தார்கள். அதுவும் செம்பில் கரையாது. ஆனால் துகளாக நிற்காமல் படிக மணிகளின் எல்லைகளில் மெல்லிய படலமாகப் படரும். ஒட்டிய இடம் அந்த எல்லை வழியே பொட்டென்று உடைந்துவிடும். கெட்டிக்கார யோசனைதான். ஆனால் காண்டாக்டே நொறுங்கும் குணத்தோடு பிறக்கிறது; 271 டிகிரியில் உருகும் பிஸ்மத், மின்வில்லின் சூட்டில் எளிதில் ஆவியாகவும் செய்யும்.

குரோமியம் அந்த இடத்தைப் பிடித்தது சும்மா இல்லை. மின்வில் பட்டதும் காண்டாக்டின் மேற்பரப்பு உருகி, நொடிக்குள் உறைகிறது. அந்த வேகத்தில் பெரிய குரோமியத் துகள்கள் மறுபடி திரள நேரம் கிடைப்பதில்லை. பொடிப்பொடியாகச் செம்பெங்கும் சிதறி நிற்கும். உயர் அழுத்தத்தைத் தாங்க அடியில் இருக்கும் பழைய உலோகத்தைவிட இந்த மேல்தோல் மேலானது. ஆகையால் காண்டாக்டுகளை உள்ளடக்கிய புதிய வேக்குவம் பாட்டிலைத் தொழிற்சாலையிலேயே மின்வில்லுக்குக் காட்டிப் பழக்குவதுண்டு. சீல் வைத்த பாட்டிலுக்குள் இதையெல்லாம் உங்களால் பார்க்க முடியாது. தேய்மானக் குறியையும் காண்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் அளவையும் வைத்துத்தான் உள்நிலையை ஊகிக்க வேண்டும்.