பொது உறுப்பும் மரபுரிமையும்

காவிரியின் சிவசமுத்திர அருவியில் உண்டாக்கப்பட்ட மின்சாரம், ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கடந்து 1902-ஆம் ஆண்டில் கோலார் தங்கவயலை அடைந்தது. அங்கிருந்த சுரங்கங்களுக்கு இம் மின்மூலம் பொது. ஆழமோ ஒவ்வொன்றுக்கும் வேறு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. 2001-இல் சுரங்கவேலை நின்றுபோயிற்று. எனினும், கணினி நிரலாக்கத்தின் ஒரு நுட்பத்தை விளக்க இவ்வேறுபாடு ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

1. இருவகை உறுப்புகள்

ஓரினப் பொருள்களுக்குரிய பொது வரையறை வகுப்பு எனப்படும். தங்கவயலின் சுரங்கங்களுக்குச் 'சுரங்கம்' என்னும் வகுப்பை அமைப்பதாகக் கொள்வோம். ஆழம் பொருளுக்குரிய உறுப்பு. ஒவ்வொரு பொருளும் அதனைத் தனியே வைத்திருக்கும். மின்மூலம் வகுப்புக்குரிய உறுப்பு. நினைவகத்தில் அதற்கு ஓரிடமே உண்டு. இதுவே ஸ்டாட்டிக் உறுப்பு. பொருள் எதுவும் தோன்றுமுன்னரே 'சுரங்கம்.மின்மூலம்' என அதனைப் பெறலாம். 'சுரங்கம்.ஆழம்' எனக் கேட்பதோ பொருளற்றது. எந்தச் சுரங்கத்தின் ஆழம் என்பது அதில் இல்லை.

2. மரபுவழிப் பெறுதல்

'சுரங்கம்' வகுப்பிலிருந்து 'ஆழ்சுரங்கம்' என்னும் சேய் வகுப்பு தோன்றுமாயின், 'ஆழ்சுரங்கம்.மின்மூலம்' என்பதும் செல்லும். பெயர் முதலில் சேயிடம் தேடப்படும். அங்கில்லையேல் தாயிடம் தேடப்படும். தாய் வகுப்பு தனக்கே உரியதென மறைத்த உறுப்பு இவ்வாறு கிட்டாது.

3. மதிப்பை மாற்றுதல்

படிப்பதில் சிக்கலில்லை, எழுதுவதிலேதான் இடர் உண்டு. தங்கவயலின் ஆழ்பகுதிகளில் நேர்ந்த பாறை வெடிப்புகள் பல உயிர்களைக் கொண்டன. நில அதிர்வைக் கண்காணிக்கும் நிரலொன்றில் 'எச்சரிக்கைஎல்லை' என்பது 'சுரங்கம்' வகுப்பின் பொது உறுப்பு எனவும், அதன் மதிப்பு 5 எனவும் கொள்க. (எண்கள் விளக்கத்திற்காகவே தரப்பட்டன.) எல்லாச் சுரங்கங்களுக்கும் அதனை 3 ஆகக் குறைக்க எண்ணிய ஒருவர், பின்வருமாறு எழுதுகிறார்:

ஆழ்சுரங்கம்.எச்சரிக்கைஎல்லை = 3

ஜாவா மொழியில், சேய் வகுப்பு அதே பெயரைத் தானும் அறிவித்திராவிடில், தாயின் மதிப்பே 3 ஆகும். மாற்றம் எங்கும் பரவும். பைத்தான் மொழியிலோ சேயிடம் புதிய உறுப்பொன்று பிறக்கும்; தாயின் மதிப்பு 5 ஆகவே நிற்கும். ஏனைய சுரங்கங்கள் பழைய எல்லையையே பின்பற்றும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. எச்சரிக்கை மணி மட்டும் ஒலிக்கவேண்டிய வேளையில் ஒலியாது.

ஆதலால், பொது உறுப்பை மாற்றுங்கால் அது அறிவிக்கப்பட்ட வகுப்பின் பெயராலேயே மாற்றுதல் வேண்டும்: சுரங்கம்.எச்சரிக்கைஎல்லை = 3.

பயிற்சி

ஆசிரியர் எல்லைமதிப்பைக் கரும்பலகையில் ஒருமுறை எழுதுக. மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் சுரங்கத்தின் ஆழத்தைச் சீட்டில் குறிக்க. பின்னர் ஒரு மாணவர் எல்லைமதிப்பைப் பலகையில் திருத்தாது தம் சீட்டில் மட்டும் மாற்றி எழுதட்டும். மற்றவர் எம்மதிப்பைக் காண்பர் என வினவுக.